மூளையைப் பார்த்துச் செய்த கண்கள்: நான்கு வழிகள், உங்களுக்கு எது?

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “படத்தைப் பார்த்து அடையாளம் காணக் கணினியைப் பழக்க வேண்டும். வழக்கமான மாடலே போதுமா, இல்லை மூளை மாதிரி வேலை செய்கிற ஏதாவது ஒன்றைப் போடலாமா?”

ஒருவர் நெல் இலை நோயைக் கண்டுபிடிக்கும் செயலி செய்கிற கல்லூரி மாணவி. கையில் 600 படங்கள், எல்லாம் அவரே செல்போனில் எடுத்தவை. இரண்டாமவர், சரிவில் உருண்டு வந்து டப்பாவில் விழும் மாத்திரைகளை எண்ணும் கருவி செய்கிற பட்டறைக்காரர். மூன்றாமவர் ஸ்கேன் மையங்களுக்கு மென்பொருள் எழுதுபவர். அவரிடம் படங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேறு மெஷினில் எடுத்த எக்ஸ்ரே வந்தால் மாடல் உளறுகிறது.

மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ‘மூளை மாதிரி’ என்ற பெயரில் கடையில் ஒரே சரக்கு கிடையாது. பூனையின் மூளையில் கோடுகளைக் கண்டால் மட்டும் துடித்த செல்கள் ஒரு கதை. விழித்திரை எதை உள்ளே அனுப்புகிறது, எதை அனுப்பாமல் விடுகிறது என்பது இன்னொரு கதை. நரம்பணுக்கள் ஒரே படத்துக்கு ஒவ்வொரு முறையும் சற்று மாற்றித்தான் பதில் சொல்கின்றன என்பது மூன்றாவது. இவை ஒவ்வொன்றும் கணினிக்குள் வந்து ஏதோ ஒரு பற்றாக்குறையை ஈடுகட்டின. அதனால் எது மூளைக்கு நெருக்கமானது என்று தேடுவதற்கு முன், உங்களிடம் எது குறைவு என்று பாருங்கள். படமா, வெளிச்சமா, மின்சாரமா, நேரமா? பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

## முதலில் அளவுகோல்கள்

நான் எப்போதும் கேட்பவை ஐந்து.

படங்கள் எத்தனை? அதிலும், சரியான பெயர் ஒட்டிய படங்கள் எத்தனை. ஒரு லட்சம் படம் இருந்து 300 படத்துக்குத்தான் மருத்துவர் குறிப்பு எழுதியிருக்கிறார் என்றால், பயிற்சிக்கு உங்களிடம் இருப்பது 300.

எங்கே ஓடப்போகிறது? சர்வரிலா, செல்போனிலா, பேட்டரியில் ஓடும் சின்ன போர்டிலா.

எவ்வளவு சீக்கிரம் பதில் வேண்டும்? இலை நோய்க்கு மூன்று விநாடி காத்திருக்கலாம். பறக்கும் டிரோன் காத்திருக்காது.

சூழல் மாறினால் என்ன ஆகும்? வேறு கேமரா, வேறு ஊர் வெயில், வேறு ஆள் எடுத்த படம். பெரும்பாலானவர்கள் கடைசியில் யோசிக்கும் கேள்வி இது. முதலில் யோசிக்க வேண்டியதும் இதுதான். ஒரே நாளில், ஒரே கையால் எடுத்த படங்களைப் பயிற்சிக்கு 80, சோதனைக்கு 20 என்று பிரித்து 98 சதவீதம் வாங்குவதில் பெரிய விஷயம் எதுவும் இல்லை.

நீங்கள் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்? பழுதானால் இணையத்தில் தேடி ஒரு மணி நேரத்தில் பதில் கிடைக்கும் தொழில்நுட்பத்துக்கும், உலகத்தில் சில நூறு பேருக்கு மட்டும் தெரிந்ததற்கும் உள்ள வித்தியாசம் எந்த விலைப்பட்டியலிலும் வராது.

## வழி 1: பூனையின் மூளையிலிருந்து வந்த சிஎன்என்

1950களின் கடைசியில் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும், மயக்கத்தில் இருந்த ஒரு பூனையின் காட்சிப் புறணியில் (கண் அனுப்புவதை அலசும் மூளைப் பகுதி) மெல்லிய மின்முனை ஒன்றைச் செருகி, ஒரே ஒரு நரம்பணுவின் துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி ஸ்லைடில் கறுப்புப் புள்ளி வைத்துத் திரையில் காட்டினார்கள். மணிக்கணக்காக ஒன்றும் இல்லை. பிறகு ஒருமுறை ஸ்லைடைச் செருகும்போது அந்தச் செல் சரவெடி போலப் படபடத்தது. புள்ளியை அது சட்டை செய்யவில்லை. கண்ணாடியின் விளிம்பு திரையில் இழுத்துப்போன மெல்லிய நிழற்கோட்டுக்குத்தான் அத்தனை ஆர்ப்பாட்டம், அதுவும் அந்தக் கோடு ஒரு குறிப்பிட்ட சாய்வில் போனபோது மட்டும்.

இப்படி இரண்டு வகைச் செல்களைப் பிரித்தார்கள். ஒன்று, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட சாய்வில் கோடு வந்தால் துடிப்பது. மற்றது, சாய்வு சரியாக இருந்தால் போதும், கோடு கொஞ்சம் நகர்ந்தாலும் பரவாயில்லை என்று துடிப்பது. 1981இல் இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே, ஜப்பானில் குனிஹிகோ ஃபுகுஷிமா இந்த இரண்டு செல்களையும் மாறி மாறி அடுக்கி நியோகாக்னிட்ரான் என்ற கணினி மாதிரியைச் செய்துவிட்டார். 1989இல் யான் லெகுன் குழு அதே மாதிரியான அடுக்குக்குப் பிழையிலிருந்து கற்கும் முறையைச் சேர்த்து, கடித உறைகளில் கையால் எழுதிய அஞ்சல் குறியீட்டு எண்களைப் படிக்க வைத்தது. இந்த வகை அடுக்கைத்தான் சிஎன்என் (கன்வல்யூஷனல் நியூரல் நெட்வொர்க்) என்கிறோம். 2012இல் அலெக்ஸ்நெட் என்ற சிஎன்என் வந்தபோது, லட்சக்கணக்கான படங்களை வகை பிரிக்கும் இமேஜ்நெட் போட்டியில் இரண்டாம் இடத்தின் பிழை 26.2 சதவீதம், அலெக்ஸ்நெட்டின் பிழை 15.3.

அந்த அலெக்ஸ்நெட்டின் முதல் அடுக்கில் இருந்த 96 ஃபில்டர்களை (படத்தில் ஏதோ ஒரு வடிவத்தைத் தேடும் சிறு எண்கட்டங்கள்) படமாக அச்சிட்டுப் பார்த்தால் பெரும்பாலானவை சாய்ந்த கோடுகளும் வண்ணத் திட்டுகளும். கோடு தேடு என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. பூனை கண்டுபிடித்ததையே அதுவும் கண்டுபிடித்தது.

இதில் நமக்கு வேண்டியது சிக்கனம். 224×224 வண்ணப் படத்தில் 1,50,528 எண்கள். அவற்றை 1,000 நரம்பணுக்களோடு நேரடியாக இணைத்தால் 15 கோடிக்கு மேல் எடைகளை, அதாவது இணைப்புகளின் வலிமையைக் குறிக்கும் எண்களை, கற்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களை மட்டும் பார்க்கும் 3×3 ஃபில்டர்கள் 64 போட்டு, அதையே படம் முழுக்க நகர்த்தினால் 1,728 எடைகள் போதும். குறைந்த படங்களில் சிஎன்என் தேறுவதற்கு இதுதான் காரணம். (மூளை இப்படி ஒரே ஃபில்டரை நகர்த்துவதில்லை, ஒவ்வொரு இடத்துக்கும் தனிச் செல்கள் வைத்திருக்கிறது. இந்த விஷயத்தில் நகல் அசலைவிடக் கஞ்சன்.)

அதோடு, யாரும் இப்போது பூஜ்யத்திலிருந்து பயிற்சி கொடுப்பதில்லை. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டறிய 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட மாடல், பூனை, நாய், கார் படங்களில் ஏற்கெனவே பழகிய இன்செப்ஷன்-வி3 என்ற சிஎன்என்னை எடுத்து 1,28,175 விழித்திரைப் படங்களில் மறுபயிற்சி கொடுத்ததுதான். அந்தப் படங்களில் ஒரு பங்கு அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்தும் சங்கர நேத்ராலயாவிலிருந்தும் போனவை.

மறைந்திருக்கும் செலவு. சிஎன்என் உருவத்தைவிட மேற்பரப்பை நம்பும். ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ராபர்ட் கெய்ர்ஹோஸ் குழு 2018இல் ஒரு வேடிக்கை செய்தது. பூனையின் உருவத்துக்கு யானைத் தோலைப் போர்த்திக் காட்டினார்கள். மனிதர்கள் பூனை என்றார்கள், சிஎன்என் யானை என்றது. இப்படி முரண்பட்ட படங்களில் மனிதர்கள் 96 சதவீத அளவுக்கு உருவத்தின் பக்கம் நின்றார்கள். ரெஸ்நெட்-50 என்ற சிஎன்என் வெறும் 22.

இதைவிட மோசம் பின்னணி. பயிர் நோய் ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் பிளான்ட்வில்லேஜ் தொகுப்பில் 54,306 இலைப் படங்கள், 38 வகைகள். 2016இல் அதில் ஒரு சிஎன்என் 99.35 சதவீதம் வாங்கியது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் 31 சதவீதத்துக்கு விழுந்தது. பின்னர் ஒருவர் அதே தொகுப்பில் இலையையே பார்க்காமல், பின்னணியிலிருந்து 8 பிக்சல்களை மட்டும் எடுத்துப் பயிற்சி கொடுத்தார். 49 சதவீதம் சரி!

நம் மாணவியின் மாடலையும் உட்கார்ந்து பார்த்தோம். எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று சிவப்பாகக் காட்டும் கிராட்-கேம் போட்டால், சிவப்பு இலையில் இல்லை. இலையைப் பிடித்திருந்த கட்டைவிரலில் இருந்தது. நோயுள்ள இலையைக் கிட்டத்தில் காட்ட அவர் விரலால் பிடித்து எடுத்திருக்கிறார். நல்ல இலையை அப்படியே செடியில் விட்டு எடுத்திருக்கிறார். மாடல் கற்றது ஒன்றுதான்: விரல் இருந்தால் நோய்.

எப்போது இது: படங்கள் சில நூறிலிருந்து சில ஆயிரம், ஓட்டுவது செல்போனில், பார்த்துக்கொள்ள ஒரு சாதாரண பைதான் ஆள். செல்போனுக்கென்றே செய்த சிஎன்என்னான மொபைல்நெட்-வி2வில் எடைகள் சுமார் 35 லட்சம்தான், எந்த போனும் தாங்கும்.

## வழி 2: டிரான்ஸ்ஃபார்மர், பெயரில் மட்டும் கவனம்

2020இல் வந்த விஷன் டிரான்ஸ்ஃபார்மர் படத்தை 16×16 பிக்சல் துண்டுகளாக வெட்டுகிறது. 224×224 படத்துக்கு 196 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் மற்ற எல்லாத் துண்டுகளையும் பார்த்து, தனக்கு எது முக்கியம் என்று கணக்கிடுகிறது. இதற்கு ‘அட்டென்ஷன்’ என்று பெயர் வைத்துவிட்டதால், மூளையின் கவனம்தான் இது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஹியூபெல், வீசல் பார்த்த செல்கள் கண்ணெதிரே ஒரு சின்னச் சதுரத்தை மட்டும் பார்ப்பவை. இங்கே முதல் அடுக்கிலேயே எல்லோரும் எல்லோரையும் பார்க்கலாம். நான்கு வழிகளில் மூளையிலிருந்து மிகவும் விலகி நிற்பது இதுதான்.

அதற்கு விலை உண்டு. பக்கத்தில் இருப்பவை ஒன்றோடொன்று தொடர்புடையவை என்ற பாலபாடத்தையே இது படங்களிலிருந்து கற்க வேண்டும். இமேஜ்நெட்டில் மட்டும் பயிற்சி கொடுத்தபோது ரெஸ்நெட்டை எட்டவில்லை. 30 கோடி படங்களைக் காட்டியதும் முந்தியது. அப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். குறைந்த படங்களில் டிரான்ஸ்ஃபார்மரைப் பழக்க ஃபேஸ்புக் குழு ஓர் ஆசிரியர் மாடலைப் பக்கத்தில் உட்கார வைத்தது. இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரைவிட சிஎன்என் ஆசிரியர்தான் நன்றாகச் சொல்லிக்கொடுத்தது. 2021இல் வந்த ஸ்வின் டிரான்ஸ்ஃபார்மர் சின்னச் சதுரங்களுக்குள் மட்டும் பார்த்து, அடுக்கடுக்காகப் பெரிதாக்கிக்கொண்டு போகிறது. சுற்றிச் சுற்றிப் பூனையிடமே வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் கேலியோடு நிறுத்திவிட முடியாது. டைனோ-வி2 மாதிரி, பெயர் ஒட்டாத 14.2 கோடி படங்களில் ஏற்கெனவே பழகிய டிரான்ஸ்ஃபார்மர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே ஒரு சின்ன வகைப்படுத்தியை மட்டும் நம்முடைய 600 படங்களில் பழக்கினால் பல வேலைகளில் நன்றாகவே தேறும். அவர்களுடைய படக்குவியல் நமக்குக் கடனாகக் கிடைக்கிறது. ஆகவே ‘படம் குறைவென்றால் சிஎன்என் மட்டும்தான்’ என்று ஐந்து வருடத்துக்கு முன் நான் சொன்னதை இப்போது சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. 2,200 கோடி எடைகள் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று 2023இல் அந்தப் பூனை–யானை வகைச் சோதனையில் 87 சதவீதம் உருவத்தின் பக்கம் நின்றது. மூளையைப்போலக் கட்டாதது மனிதனைப்போல நடந்துகொண்டது. ‘மூளை மாதிரி’ என்ற சொல்லை வைத்து எதையும் வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

மறைந்திருக்கும் செலவு. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் இரட்டிப்பாக்கினால் துண்டுகள் 784. ஒவ்வொன்றும் எல்லாவற்றையும் பார்ப்பதால் ஜோடிகள் 16 மடங்கு. பெரிய எக்ஸ்ரேயை முழு அளவில் கொடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் ஜிபியு (மாடல்களை வேகமாக ஓட்டும் கிராபிக்ஸ் சிப்) மெமரி நிறைந்து நிற்பது இங்கேதான். அடிப்படை மாடலிலேயே 8.6 கோடி எடைகள். பழைய செல்போனில் சூடு கிளம்பும்.

எப்போது இது: சர்வர் இருக்கிறது, பெயர் ஒட்டாத படங்கள் ஏராளம், படத்தின் ஒரு மூலையில் இருப்பதற்கும் இன்னொரு மூலையில் இருப்பதற்கும் தொடர்பு பார்க்க வேண்டும்.

## வழி 3: விழித்திரையைப்போன்ற கேமராவும் துடிக்கும் நெட்வொர்க்கும்

விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் 12 கோடிக்கு மேல். மூளைக்குப் போகும் நரம்பு இழைகளோ சுமார் 10 லட்சம். எல்லாவற்றையும் அனுப்ப வழியே இல்லை. மாற்றத்துக்குத்தான் அங்கே மதிப்பு. 1980களின் பிற்பகுதியில் கால்டெக்கில் கார்வர் மீடும் மிஷா மஹோவால்டும் இதைச் சிலிக்கானில் செய்து பார்த்தார்கள். 2008இல் சூரிச்சில் செய்த 128×128 சென்சார் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இன்று சோனியும் பிரான்ஸின் ப்ரொஃபெசீயும் சேர்ந்து 1280×720 அளவில் தருகிறார்கள்.

இந்த வகைச் சென்சார் வைத்ததுதான் ஈவென்ட் கேமரா. இதில் ‘படம்’ என்று ஒன்றே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தனியாள். தன் மீது விழும் ஒளி ஓர் அளவுக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ, ‘இந்த இடம், இந்த நேரம், கூடியது’ என்று ஒரு வரி அனுப்பும். நேரம் மைக்ரோ விநாடிக் கணக்கில். மாற்றம் இல்லையென்றால் மௌனம். சாதாரண கேமரா தாங்கும் வெளிச்ச வேறுபாடு 60 டெசிபல் என்றால் இது 120 டெசிபல் தாங்கும். சுரங்கப்பாதையிலிருந்து வெயிலுக்கு வந்தாலும் கண் கூசாது.

ஓர் ஆய்வகத்திலிருந்து இரவல் வாங்கி ஒருநாள் என் மேசையில் வைத்துப் பார்த்தேன். திரை காலி. மேசை இருக்கிறது, கோப்பை இருக்கிறது, நான் இருக்கிறேன், எதுவும் தெரியவில்லை. கையை அசைத்ததும் விளிம்புகள் மட்டும் தணல்போலப் பளிச்சிட்டு மறைந்தன. மின்விசிறியின் இறக்கைகளைக் கண்ணால் எண்ண முடியாத வேகத்தில் அது தனித்தனியாகக் காட்டியது. அசந்துபோய்விட்டேன் என்றே சொல்ல வேண்டும். பிறகு மாலையாகி ட்யூப்லைட்டைப் போட்டதும் திரை முழுக்கப் பனி கொட்டியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. நமக்குத் தெரியாது, அந்தக் கேமராவுக்கு ஒவ்வொன்றும் செய்தி. அதை வடிகட்டக் கற்றுக்கொள்ளவே பாதி இரவு போயிற்று.

அசையாதது தெரியாமல் போவது நம் கண்ணுக்கும் உள்ள நோய்தான். 1950களிலேயே, விழித்திரையில் ஒரு பிம்பத்தை அசையாமல் நிறுத்திப் பார்த்தபோது சில விநாடிகளில் அது மங்கி மறைந்தது. கண் நம்மை அறியாமல் சிறு சிறு துடிப்புகளாக ஆடிக்கொண்டே இருப்பதால் தப்பிக்கிறோம்.

இனி, இந்தச் செய்திகளை வாங்கிக்கொள்ளும் ஸ்பைக்கிங் நெட்வொர்க். இதில் நரம்பணுக்கள் எண்களுக்குப் பதிலாகத் துடிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும். ஐபிஎம் 2014இல் வெளியிட்ட ட்ரூநார்த் சிப்பில் 10 லட்சம் நரம்பணுக்கள், 25.6 கோடி இணைப்புகள். தின்ற மின்சாரம் சுமார் 70 மில்லிவாட். 2017இல் ஈவென்ட் கேமராவோடு அதை இணைத்துக் கைச்சைகைகளைப் படிக்க வைத்தார்கள். 96.5 சதவீதம் சரி, 200 மில்லிவாட்டுக்கும் குறைவு.

மறைந்திருக்கும் செலவு இங்கே அதிகம். மின்சாரச் சிக்கனம் அந்தச் சிறப்புச் சிப்பில் ஓடினால்தான். அதே நெட்வொர்க்கை உங்கள் ஜிபியுவில் ஓட்டினால், ஒவ்வொரு உள்ளீட்டையும் பல காலப்படிகளில் ஓட்ட வேண்டியிருப்பதால் சாதாரண சிஎன்என்னைவிட மெதுவாக, அதிக மின்சாரம் தின்று ஓடும். இன்டெலின் லொய்ஹி மாதிரிச் சிப்புகளை மளிகைக் கடையில் வாங்குவதுபோல வாங்க முடியாது. ஆய்வுக் கூட்டாளிகளுக்குத்தான் முதலில். துடிப்பு என்பது இருக்கிறது, இல்லை என்ற இரண்டே நிலை. மாடலைப் பழக்க உதவும், பிழையைப் பின்னோக்கிப் பரப்பும் கணக்கு அங்கே முட்டிக்கொள்ளும், ஏதாவது தோராயம் போட்டுச் சமாளிக்க வேண்டும். கேமராவின் விலை சாதாரண கேமராவைப்போலப் பல மடங்கு. கேமராவே நகர்ந்தால் உலகம் முழுவதும் ‘மாறிவிட்டது’ என்று செய்திகள் கொட்டும்.

கேமராவை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொண்டு, சில மில்லி விநாடிச் செய்திகளைக் குவித்து ஒரு படமாக்கி, சாதாரண சிஎன்என்னுக்குக் கொடுப்பது நடுவழி. தூய்மைவாதிகளுக்குப் பிடிக்காது. வேலை நடக்கும்.

எப்போது இது: வேகம்தான் உயிர் என்றால். 2020இல் சூரிச் பல்கலைக்கழகத்தின் டேவிடே ஸ்கரமுஸ்ஸா குழுவின் டிரோன், தன்மீது எறிந்த பந்தை 3.5 மில்லி விநாடியில் உணர்ந்து விலகியது. அல்லது, பேட்டரியில் மாதக்கணக்கில் காத்திருந்து எப்போதோ நடக்கும் அசைவைப் பிடிக்க வேண்டுமென்றால்.

## வழி 4: பழைய சிஎன்என்னுக்கு மூளை ஒட்டு

மாமரத்தில் ஒட்டுப் போடுவதுபோல, இருக்கும் சிஎன்என்னிலேயே மூளையிலிருந்து எடுத்த ஒரு பகுதியைச் சேர்ப்பது. இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, 2020இல் எம்ஐடியில் ஜேம்ஸ் டிகார்லோ குழு செய்த விஒன்நெட். முதல் அடுக்கைக் கற்க விடாமல், குரங்கின் முதல் காட்சிப் பகுதியில் அளந்ததற்கு ஏற்ப அமைத்த ஃபில்டர்களை நிலையாகப் பொருத்தி, நரம்பணுக்களுக்கு உள்ள இரைச்சலையும் கலந்தார்கள். கண்ணுக்கே தெரியாத சிறு மாற்றத்தால் பாண்டாவைக் குரங்கு என்று சொல்லவைக்கும் ஏமாற்று வேலைகள் உண்டல்லவா, அவற்றை இது கூடுதலாகத் தாங்கியது. விலை: சுத்தமான படங்களில் துல்லியம் சில சதவீதம் குறைகிறது. எல்லா வகைக் கெடுதலுக்கும் ஒரேபோல உதவுவதுமில்லை. ஓட்டும்போதும் இரைச்சலை விட்டுவைத்தால், ஒரே எக்ஸ்ரேக்கு இரண்டு முறை இரண்டு எண் வரும். மருத்துவரிடம் அதை எப்படி விளக்குவீர்கள்?

இரண்டாவது, யானைத்தோல் பூனை செய்த அதே குழுவின் மருந்து. இமேஜ்நெட் படங்களுக்கு ஓவியங்களின் மேற்பரப்பைப் பூசிப் பயிற்சி கொடுத்தார்கள். மேற்பரப்பை நம்ப முடியாது என்றானதும் மாடல் உருவத்தைக் கற்றது; 22 சதவீதம் 81 ஆயிற்று. நல்ல உத்தி. ஆனால் இலைப்புள்ளி, துணி நெசவு, திசு ஆகியவற்றில் மேற்பரப்புதான் செய்தியே. இலை நோய் மாடலுக்கு இதைச் செய்தால், கண்ணைக் குத்திக்கொண்டு கண்ணாடி மாட்டிக்கொள்வதாகும். அங்கே வில்லன் பின்னணிதான்.

முன்னும் பின்னும் செய்தி பாயும் நெட்வொர்க்குகள் என்று ஐந்தாவதாக ஒன்றையும் சிலர் கேட்கிறார்கள். மூளையில் மேலிருந்து கீழே வரும் இணைப்புகள் ஏராளம். கோர்நெட்-எஸ் மாதிரி முயற்சிகள் உண்டு. ஆராய்ச்சிக்கு அருமை, நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டிய வேலைக்கு இப்போதைக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சிஎன்என் | டிரான்ஸ்ஃபார்மர் | ஈவென்ட் கேமரா, ஸ்பைக்கிங் | மூளை ஒட்டு |
|---|---|---|---|---|
| வேண்டிய படங்கள் | நூறுகள் போதும் (முன்பயிற்சியோடு) | முன்பயிற்சி இல்லையென்றால் கோடிகள் | நீங்களே பதிவுசெய்ய நேரும் | சிஎன்என் அளவே |
| ஓடும் இடம் | செல்போன், சிறு போர்டு | சர்வர் | சிறப்புச் சிப் | சிஎன்என்னைவிடச் சற்றுக் கனம் |
| வேகம் | நன்று | படம் பெரிதானால் தள்ளாட்டம் | எதுவும் நெருங்காது | நன்று |
| சூழல் மாற்றம் | பின்னணியில் ஏமாறும் | ஓரளவு மேல் | வெளிச்ச மாற்றத்துக்கு அசையாது, ட்யூப்லைட்டுக்கு அசையும் | சில வகை இரைச்சலுக்கு நன்று |
| பராமரிப்பு | எளிது | எளிது | ஆள் தேட வேண்டும் | நடுத்தரம் |

## மூவரும் என்ன செய்தார்கள்

மாணவிக்கு மாடலை மாற்றச் சொல்லவில்லை. மொபைல்நெட்டிலேயே இருந்தார். படங்களைத்தான் மாற்றினார்: எல்லா இலையும் செடியிலேயே, விரல் படாமல். சோதனைக்கு வேறு ஊரில் உள்ள உறவினர் வயலில், உறவினர் போனில் எடுத்த 80 படங்கள். துல்லியம் 97இலிருந்து 83க்கு வந்தது, முகம் வாடிவிட்டது. அந்த 83தான் அவர் வாங்கிய முதல் நிஜமான எண். சின்னப் புள்ளிகள் தவறுகின்றன என்றதற்குக் கண்ணிடமிருந்து ஓர் உத்தியைக் கடன் வாங்கினோம். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுக்குத்தான் நமக்குத் துல்லியமான பார்வை, மற்றதெல்லாம் மங்கல், கண் விநாடிக்கு மூன்று முறை தாவித் தாவி ஈடுகட்டுகிறது. அதேபோல முழுப் படத்தைச் சிறிதாக்கிச் சந்தேகப் பகுதியைக் கண்டுபிடித்து, அந்தப் பகுதியை மட்டும் அசல் அளவில் வெட்டி அதே மாடலிடம் மறுபடி காட்டுவது. புது மாடல் வேண்டாம், பத்து வரி நிரல்தான். மூளையறிவியல் தந்ததில் மிக மலிவானது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

எக்ஸ்ரேக்காரர் விஒன்நெட்டைத்தான் மனதில் வைத்திருந்தார். முதலில் ஒரு சோதனை செய்யுங்கள் என்றேன்: நோயை விட்டுவிட்டு, எந்த மெஷினில் எடுத்த படம் என்று கண்டுபிடிக்க ஒரு மாடலைப் பழக்குங்கள். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மார்பு எக்ஸ்ரே எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதை சிஎன்என் ஏறக்குறைய பிழையே இல்லாமல் சொன்னது. படத்தின் ஓரத்தில் வைக்கும் உலோக அடையாளமும் அதற்கு உதவியது. அவருக்கும் அதேதான் நடந்தது. பிரச்சினை ஓரத்தில் இருக்கும்போது முதல் அடுக்குக்கு ஒட்டுப் போட்டு என்ன பயன்? ஓரங்களை வெட்டி, பெயர் ஒட்டாத எல்லா மெஷின் படங்களையும் சேர்த்து, முன்பயிற்சி பெற்ற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை அவற்றில் பழக்கத் தொடங்கியிருக்கிறார். சர்வர் வாடகைதான் கையைக் கடிக்கிறது.

மாத்திரைக்காரர் ஈவென்ட் கேமராவுக்குப் பணம் கட்டத் தயாராக வந்தார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் மாத்திரை கீழே வரும்போது விநாடிக்குச் சுமார் 2.4 மீட்டர் வேகம். கேமரா 1/100 விநாடி திறந்திருந்தால் மாத்திரை 24 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுபடும். 1/5000 விநாடி என்றால் அரை மில்லிமீட்டர். அதற்கு வேண்டியது வெளிச்சம். பட்டறையின் ட்யூப்லைட்டை நம்பாமல் டிசியில் சிமிட்டாமல் எரியும் எல்இடி பட்டை ஒன்று, வரிவரியாகப் படிக்காமல் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் எடுக்கும் சாதாரணத் தொழிற்சாலைக் கேமரா ஒன்று. நெட்வொர்க்கே வேண்டியிருக்கவில்லை, வெள்ளைத் திட்டுகளை எண்ணும் நிரல் போதுமாக இருந்தது. வெயில் நேராக விழும் இடத்தில் வைப்பதாகவோ, பேட்டரியில் ஓட்டுவதாகவோ இருந்தால் ஈவென்ட் கேமராவைத்தான் சொல்லியிருப்பேன். இரண்டு மாத்திரைகள் ஒட்டிக்கொண்டு விழுந்தால் மட்டும் அவர் கருவி இன்னும் ஒன்று என்றே எண்ணுகிறது. அதற்காகச் சரிவின் கோணத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.